வெயிலும் மாத்திரையும்: சோராலென் வைத்தியம் பத்தி கடையில என்கிட்ட கேக்கற கேள்விகள்

நான் பாலக்காடு ஜில்லாவுல கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்புல பார்மசிஸ்டா இருக்கறேனுங்க. வெண்புள்ளிக்கும், தோல் தடிச்சு செதில் செதிலா உரியற சோரியாசிஸுக்கும் டாக்டருங்க எழுதற மாத்திரைதான் சோராலென். எனக்கே வெண்புள்ளி இருக்குது, இடது கணுக்கால்ல செருப்பு வார் உரசற இடத்துல ஆரம்பிச்சு கண்ணோரம் வரைக்கும் வந்து, மாத்திரை சாப்பிட்டு வெயில்ல நின்னு, ஒரு தடவை வெந்து கொப்புளமும் வாங்கி, இப்ப பாதிக்கு மேல நிறம் திரும்பி நிக்குது. சீட்டோட வர்றவங்க பாதிப்பேர் தமிழ்ல கேப்பாங்க, பாதிப்பேர் மலையாளத்துல கேப்பாங்க, கேக்கறது எல்லாம் ஒண்ணுதான். உங்களுக்கு எத்தனை மாத்திரை, எத்தனை நிமிஷம்ங்கறது உங்க ஸ்கின் டாக்டர் முடிவு பண்றது, அதை இங்க தேடாதீங்க. மத்ததுக்கு எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன்.

"மாத்திரைய மட்டும் சாப்பிட்டா போதாதுங்களா அக்கா, எதுக்கு வெயில்ல நிக்கோணும்?"

போதாதுங்க. இந்த மாத்திரை தனியா ஒண்ணும் பண்ணாது, வெயில் பட்டாத்தான் வேலை செய்யும். மெத்தாக்ஸலென், ட்ரையாக்ஸலென்னு ரெண்டு வகை நம்ம பக்கம் எழுதுவாங்க, ரெண்டும் சோராலென் குடும்பம். சாப்பிட்டா ரத்தத்துல கலந்து தோலுக்கு வந்து செல்லுக்குள்ள இருக்கற டிஎன்ஏ இழைகளுக்கு நடுவுல போய் சும்மா உக்காந்திருக்கும், அப்ப வெயில்ல இருக்கற யூவிஏ கதிர், அதாவது 320ல இருந்து 400 நானோமீட்டர் வரைக்கும் இருக்கற புற ஊதாக் கதிர் பட்டுச்சுன்னா அந்த இழையோட கெட்டியா ஒட்டிக்கும். சோரியாசிஸ்ல தோல் செல்லு கன்னாபின்னான்னு பெருகுதில்லைங்களா, இப்படி ஒட்டிக்கிட்டா அந்தப் பெருக்கம் நின்னுடும். வெண்புள்ளியில, நிறம் குடுக்கற செல்லைத் தாக்கிட்டிருக்கற நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியை அந்த இடத்துல அடக்கி, முடி வேர்ல ஒளிஞ்சு மிச்சம் இருக்கற நிறச் செல்லை எழுப்பி மேல கொண்டு வரும்.

அதனால டோஸ்ங்கறது மாத்திரை பாதி, வெயில் பாதி. மாத்திரைய ஒண்ணு ரெண்டுன்னு எண்ணித்தானே சாப்பிடறோம், வெயிலையும் அதே மாதிரி நிமிஷக் கணக்குல எண்ணித்தான் எடுக்கோணும், எண்ணாம மேல பட்ட ஒவ்வொரு நிமிஷமும் ஓவர்டோஸ்தான். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும்.

"இது எங்கிருந்து வந்த வைத்தியம், நாட்டு மருந்தா இங்கிலீஷ் மருந்தா?"

ரெண்டும்னு சொல்லலாமுங்க. எகிப்துல நைல் ஆத்தங்கரையில அம்மி மேஜஸ்னு ஒரு செடி இருக்குது, அதோட விதையைத் தின்னுட்டு வெயில்ல உக்காந்தா வெள்ளைத்தழும்புல நிறம் வரும்னு 13ஆம் நூற்றாண்டுலயே இப்னு அல்பைத்தார்னு ஒரு மூலிகை அறிஞர் எழுதி வச்சிருக்கார். 1940கள்ல கெய்ரோவுல எல் மோஃப்டின்னு ஒரு தோல் டாக்டர், அந்தச் செடியில இருந்து பிரிச்செடுத்த மருந்தை வெண்புள்ளிக்காரங்களுக்குக் குடுத்துப் பார்த்தார், அதுதான் மெத்தாக்ஸலென். அப்புறம் 1974ல அமெரிக்காவுல பாஸ்டன்ல இதே மாத்திரையோட யூவிஏ விளக்கையும் சேர்த்து சோரியாசிஸுக்குக் குடுத்து நல்லா கேட்டுச்சு, அதுல இருந்துதான் பூவான்னு பேர் வந்துச்சு, சோராலெனோட இங்கிலீஷ் முதல் எழுத்து பி, அதோட யூவிஏ. விளக்குக்குப் பதிலா வெயில்னா பூவாசால்.

நம்மூர்லயும் இது புதுசில்லைங்க. நாட்டுமருந்துக் கடையில கார்போகரிசின்னு கறுப்பா தட்டையா ஒரு விதை குடுப்பாங்களே, மலையாளத்துல கார்கோகில்னு சொல்லுவாங்க, அதுக்குள்ள இருக்கறதும் சோராலென்தான். மருந்தோட பேரே அந்தச் செடியோட லத்தீன் பேர்ல இருந்து வந்ததுதான்.

"அப்ப கார்போகரிசியே போதுமே, எதுக்கு மாத்திரை வாங்கோணும்?"

இதைக் கேக்காத வாரமே கிடையாதுங்க. விதையில எவ்வளவு சோராலென் இருக்குதுன்னு யாருக்கும் தெரியாது, ஒரு கடை விதையில கம்மியா இருக்கும், இன்னொண்ணுல நிறைய இருக்கும், அதை எண்ணெய்யில காய்ச்சி தடவிட்டு வெயில்ல நின்னா எவ்வளவு வேகும்னு கணக்கே போட முடியாது. வாய்வழியா எடுத்தவங்களுக்கு ஈரல் கெட்டுப் போனதாவும் மருத்துவப் பத்திரிகைகள்ல கேஸ் பதிவாகியிருக்குது. நாட்டு மருந்து மேல எனக்கு மரியாதை உண்டு, என் ஆத்தா கை வைத்தியத்துலதான் நாங்கெல்லாம் வளர்ந்தோம், ஆனா இந்த ஒரு விதைய மட்டும் தானா எடுத்து தடவாதீங்க. டாக்டர்கிட்ட மாத்திரையும் வாங்கிட்டு வீட்டுல இந்த எண்ணெய்யும் தடவறவங்க இருக்கறாங்க, அது ரெண்டு டோஸுங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க.

"பாண்டு, அதான் இந்த வெண்புள்ளி, ஒட்டுமா? வீட்டுல குழந்தைங்க இருக்குது."

ஒட்டாது. தொட்டா ஒட்டாது, சாப்பிட்ட தட்டுல ஒட்டாது, கூடப் படுத்தா ஒட்டாது. குஷ்டத்துக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, குஷ்டம் கிருமியால வர்றது, இது உடம்பு தன்னோட நிறச் செல்லையே தானே அழிக்கறது. தமிழ்நாட்டு அரசே வெண்குஷ்டம்ங்கற பேரை விட்டுட்டு வெண்புள்ளின்னு சொல்லச் சொன்னது. உலகத்துல நூத்துல ஒருத்தருக்கு இருக்கும், மைக்கேல் ஜாக்சனுக்கு இருந்துச்சு, அவர் இறந்த ஜூன் 25தான் இன்னைக்கு உலக வெண்புள்ளி நாள். என் கையில சில்லறை வாங்கத் தயங்கின ஆளுங்க இருக்காங்க, அதனால இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டாலும் பொறுமையா பதில் சொல்லுவேன்.

"மாத்திரை சாப்பிடற நாள்ல என்னென்ன பண்ணோணும்னு ஒழுங்கா சொல்லுங்க."

சொல்றனுங்க, இது கொஞ்சம் நீளம்.

வாரத்துல ரெண்டு நாள், சிலருக்கு மூணு நாள் எழுதுவாங்க, ஆனா அடுத்தடுத்த நாள் கிடையவே கிடையாது, காரணம் கீழ சொல்றேன். எனக்கு செவ்வாயும் வெள்ளியும். காலையில எட்டு மணிக்கு ரெண்டு இட்லியோ தோசையோ சாப்பிட்டுட்டு மாத்திரை போடுவேன், வெறும் வயித்துல போட்டா குமட்டும், சிலருக்கு வாந்தியே வரும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சாப்பாட்டோட போட்டாத்தான் மருந்து ஏறறதும் ஒரே மாதிரி இருக்கும். ரெண்டு மணி நேரம் கழிச்சு மருந்து தோலுக்கு வந்திருக்கும், அப்ப பத்து மணி. வெள்ளை இருக்கற இடத்தை மட்டும் வெயிலுக்குக் காட்டோணும், சுத்தி இருக்கற நல்ல தோல்ல சன்ஸ்க்ரீன் போட்டுக்கலாம், இல்லாட்டி அது கறுத்து வெள்ளை இன்னும் எடுப்பாத் தெரியும். எனக்கு முதல் நாள் அஞ்சே நிமிஷம். போன்ல அலாரம் வச்சுக்கோங்க, குத்துமதிப்பு வேண்டாம், பக்கத்து வீட்டு அம்மிணி பேச வந்தா அஞ்சு நிமிஷம் பதினைஞ்சு ஆயிடும். டாக்டர் சொல்றபடி மெல்ல மெல்ல ஏத்தி, வெள்ளைத் தோல் லேசா ரோஸ் நிறமா ஆகி மறுநாளும் அப்படியே இருக்கற அளவு வந்தா அங்க நிறுத்திடோணும். அது சிவந்து எரிஞ்சா அளவு தாண்டியாச்சுன்னு அர்த்தம்.

நிமிஷம் முடிஞ்சதும் உள்ள வந்துடுங்க. இங்கதான் எல்லாரும் கோட்டை விடறது. வெயில் காட்டி முடிச்சாச்சுன்னு நினைச்சுக்கிட்டு சந்தைக்குப் போறாங்க, ஆனா மருந்து இன்னும் உடம்புல இருக்குது, மாத்திரை போட்டதுல இருந்து 24 மணி நேரம் வெயில் படாம பாத்துக்கோணும். முழுக்கை ஜாக்கெட், குடை, சன்ஸ்க்ரீன். கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸுலயும் இந்த மருந்து போய் உக்காருதுங்க, அங்க யூவிஏ பட்டா புரை விழ வாய்ப்பு இருக்குது, அதனால 24 மணி நேரமும் வெளிச்சத்துல இருக்கற வரைக்கும் கண்ணாடி போடோணும், பக்கவாட்டுலயும் மறைக்கற மாதிரி, யூவி 400னு போட்டிருக்கற கண்ணாடி. சந்தையில நூறு ரூபாய்க்கு விக்கற சாதா கறுப்புக் கண்ணாடி போட்டா இருட்டுக்குக் கண்மணி விரிஞ்சு இன்னும் அதிகமா கதிர் உள்ள போகலாம், அதை நம்பாதீங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, ஈரல் டெஸ்டும் எடுக்கச் சொல்லுவாங்க.

இன்னொண்ணு, யூவிஏ கண்ணாடி ஜன்னல் வழியா உள்ள வரும். பாலக்காட்டுல இருந்தோ கோயமுத்தூர்ல இருந்தோ வரும்போது கார்லயோ பஸ்லயோ ஷட்டரை சாத்திட்டா வெயில் இல்லைன்னு நினைக்காதீங்க, கண்ணாடி ஷட்டர்னா வெயில் விழாத பக்கம் பாத்து உக்காருங்க.

"இடவப்பாதி மழையில வெயிலே இல்லையே, அன்னைக்கு என்ன பண்றது?"

மேகம் மூடியிருந்தாலும் யூவிஏ பாதிக்கு மேல கூட கீழ வரலாம், அதனால பாதுகாப்பு எல்லாம் அன்னைக்கும் அப்படியே வேணும். ஆனா எவ்வளவு வருதுன்னு நமக்கு அளவு தெரியாது. மழைக்காலத்துல வாரக்கணக்குல விட்டுப் போச்சுன்னா திரும்ப வெயில் வந்ததும் விட்ட நிமிஷத்துல இருந்து தொடங்காதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு குறைச்சு தொடங்குங்க, இடைவெளியில தோல் பழக்கம் விட்டிருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு மார்ச் ஏப்ரல்ல அடிக்கற வெயிலும் ஜூலை வெயிலும் ஒண்ணு கிடையாதுங்க, ஜூலையில இருபது நிமிஷம் தாங்கின தோல் ஏப்ரல்ல தாங்காது.

"லோஷன் எழுதியிருக்காங்க, மாத்திரையை விட லோஷன் சாது தானே?"

ஐயோ, தலைகீழுங்க. வயித்துக்கும் கண்ணுக்கும் சாது, தோலுக்கு லோஷன்தான் ரொம்ப முரடு. என்னோட கதையைச் சொல்றேன், அப்பத்தான் மனசுல நிக்கும்.

அப்ப நான் கடையில சேரலை. ஒரு இடத்துல லோஷன் எழுதிக் குடுத்தாங்க, பாட்டில்ல இருக்கறதை ஸ்பிரிட்டு கலந்து பத்து பங்குக்கு மேல நீர்க்க வைக்கோணும்னு எழுதினவரும் சொல்லலை, குடுத்த கடையிலயும் சொல்லலை. நான் பஞ்சுல தொட்டு கணுக்கால்ல நல்லா தடவி, அத்தை வீட்டுக் கொல்லையில தென்னை மரத்தடியில ஸ்டூல் போட்டு இருபது நிமிஷம் காலை நீட்டி உக்காந்தேன். அன்னைக்கு ஒண்ணும் ஆகலை, மறுநாள் லேசா சூடா இருந்துச்சு, சரி மருந்து வேலை செய்யுதுன்னு சந்தோஷப்பட்டு அன்னைக்கும் தடவி உக்காந்துட்டேன். மூணாவது நாள் காலையில பாயில இருந்து எந்திரிக்கறேன், கணுக்கால்ல எலுமிச்சம்பழ அளவுக்கு தண்ணி கோத்து நிக்குது, தோல் பளபளன்னு இழுத்து, உள்ள மஞ்சளா தண்ணி ஆடுது. பதினஞ்சு நாள் செருப்பு போட முடியலை. கொப்புளம் ஆறின இடத்தைச் சுத்தி வெள்ளை முன்னை விட அகலமாயிடுச்சு, காயம் பட்ட இடத்துல எல்லாம் வெண்புள்ளி பரவற புத்தி அதுக்கு உண்டு.

இதுல தெரிஞ்சுக்க வேண்டியது, சாதா வெயில் சுட்டா அன்னைக்கே தெரியும், சோராலென் வெயில் சுட்டா 48ல இருந்து 72 மணி நேரம் கழிச்சுத்தான் உச்சத்துக்கு வரும். இதுக்குத்தான் அடுத்தடுத்த நாள் கூடாதுன்னு சொல்றது, நேத்து வாங்கின சூடு இன்னும் வெளியில வரவே இல்ல, அதுக்குள்ள இன்னைக்கு அதுமேல இன்னொரு சூடு. லோஷன்னா டாக்டர் சொன்ன அளவுக்கு நீர்க்க வச்சு, வெள்ளைக்குள்ள மட்டும் ஓரம் தாண்டாம தடவி, நிமிஷம் முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கழுவி, அந்த இடத்தை மூடிடுங்க. என் கடையில இந்தப் பாட்டில் யார் வாங்கினாலும் நீர்க்க வைக்கற கணக்கை பாட்டில் மேலயே எழுதி ஒட்டித்தான் குடுப்பேன்.

"தொழிலுறப்பு வேலைக்கு, அதான் அரசாங்கத்தோட கிராம வேலை உறுதித் திட்டத்துக்குப் போறேன், மாத்திரை சாப்பிடலாமா?"

வேலை இருக்கற நாள்ல வேண்டாமுங்க. பகல் பூரா வரப்புல நிக்கறவங்களுக்கு அஞ்சு நிமிஷக் கணக்கு எப்படி நிக்கும். டாக்டர்கிட்ட நான் வெயில்ல வேலை செய்யறவன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க, வேலை இல்லாத நாளுக்கு மாத்தி எழுதுவாங்க, இல்லாட்டி வேற வைத்தியம் பாப்பாங்க.

இதுல ரொம்ப முக்கியமா ஒண்ணு. மழைக்காலத்துல எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல் வராம இருக்க தொழிலுறப்பு ஆளுங்களுக்கு ஹெல்த்துல இருந்து வாரம் ஒரு தடவை டாக்ஸிசைக்ளின் குடுப்பாங்க இல்லைங்களா, அந்த மாத்திரையே தோலை வெயிலுக்குக் கூசவைக்கற மாத்திரை. சோராலெனும் அதுவும் சேர்ந்தா ரெட்டிப்பு சூடு. எலிப்பனி மாத்திரையை விட்டுடாதீங்க, அது உயிர் காக்கறது, சோராலெனைத்தான் அந்தக் காலத்துக்கு நிறுத்தி வைக்கோணும், ஸ்கின் டாக்டர்கிட்டயும் ஹெல்த்துக்காரங்ககிட்டயும் ரெண்டு மாத்திரையையும் சொல்லிடுங்க. பிரஷருக்குக் குடுக்கற ஹைட்ரோகுளோரோதயாசைட், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக், இதுங்களும் அதே ரகம்.

"மீன், புளி, பால் எல்லாம் விடோணுமா?"

வேண்டாம். மீனும் பாலும் சேர்ந்தா பாண்டு வரும்ங்கறதுக்கு ஆதாரம் கிடையாது, பாவம் எத்தனை பேர் வருஷக்கணக்கா மத்திமீனை விட்டுட்டு உக்காந்திருக்காங்க. ஆனா எலுமிச்சை, அத்திப்பழம் இதுலயெல்லாம் சோராலென் இயற்கையாவே இருக்குது, மாத்திரை நாள்ல நிறைய வேண்டாம், எலுமிச்சை பிழிஞ்ச கையோடயோ அத்திப்பால் பட்ட கையோடயோ வெயிலுக்குப் போகவே கூடாது. காப்பி விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, மெத்தாக்ஸலென் போட்டா காப்பியில இருக்கற கஃபீன் உடம்புல இருந்து வெளிய போறது ரொம்ப மெதுவாயிடும், அன்னைக்கு மூணு காப்பி குடிச்சா படபடப்பும் தூக்கமில்லாமையும் வரும். ஒண்ணோட நிறுத்திக்கோங்க.

"யாருக்கெல்லாம் ஆகாது?"

கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க, 12 வயசுக்குக் கீழ குழந்தைங்க, லூபஸ், போர்ஃபிரியான்னு வெயில் ஆகாத நோவு இருக்கறவங்க, தோல் கேன்சர் வந்தவங்க, கண்புரை இருக்கறவங்க, ஈரல் கெட்டவங்க.

"உள்ளங்கை உள்ளங்கால்ல சோரியாசிஸ், வெடிச்சு ரத்தம் வருது, இதுக்குக் கேக்குமா?"

அந்த இடத்துக்கு இது நல்ல வைத்தியம்தான். மாத்திரைக்குப் பதிலா கைகாலை மட்டும் மருந்து கலந்த தண்ணியில ஊற வச்சு விளக்குல காட்டுவாங்க, வயித்துக்குத் தொந்தரவு இல்ல, கண்ணுக்கும் பயம் கம்மி. உடம்பு பூரா இருக்கறவங்களுக்கு மாத்திரையும் விளக்குப் பெட்டியும், இருபது முப்பது தடவையில பெரும்பாலும் அடங்கும். அடங்கும்னுதான் சொல்றேன், சோரியாசிஸ் திரும்ப வர்ற நோவு. பெட்டிக்குள்ள நிக்கற ஆம்பளைங்க உறுப்பை மூடிக்கோணும், கூச்சப்பட்டுக்கிட்டு யாரும் இதை சொல்றதில்ல.

"எப்ப நிறம் வரும்?"

மாசக்கணக்கு ஆகுமுங்க, ஆறு மாசம் பாக்காம கேக்கலைன்னு விட்டுடாதீங்க. நிறம் ஒரே சீரா வராது, வெள்ளைக்கு நடுவுல ஒவ்வொரு முடி வேரைச் சுத்தியும் ராகி மணி அளவுக்கு பழுப்பா ஒரு புள்ளி வரும். எனக்குக் கண்ணோரம் முதல் புள்ளி வந்தப்ப அழுக்குன்னு நினைச்சு ஈரத்துணியால துடைச்சேன், போகலை, கண்ணாடிகிட்ட போய்ப் பாத்தா பக்கத்துல இன்னும் மூணு. அப்புறம் அந்தப் புள்ளிங்க பெருசாகி ஒண்ணோட ஒண்ணு சேரும். முகமும் கழுத்தும் சீக்கிரம் கேக்கும். விரல் நுனி, உதடு, மணிக்கட்டு எலும்பு மேல எல்லாம் கஷ்டம், முடியே வெள்ளையாப் போன இடத்துலயும் கஷ்டம், அங்க எழுப்பறதுக்கு நிறச் செல்லே மிச்சம் இல்ல. என் விரல் நுனி இன்னும் வெள்ளைதான்.

"என்பியூவிபின்னு ஒரு விளக்கு சொல்றாங்களே, அது நல்லதா இது நல்லதா?"

நான் சொல்றது, அந்த விளக்கு உங்க கைக்கெட்டற தூரத்துல இருந்தா அதையே முதல்ல கேளுங்க. 311 நானோமீட்டர்ல வர்ற யூவிபி வெளிச்சம், மாத்திரையே வேண்டாம், குமட்டல் இல்ல, 24 மணி நேரக் கண்ணாடி இல்ல, குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் குடுக்கறாங்க. 2007ல வந்த ஒரு ஆய்வுல மாத்திரை பூவாவையும் இதையும் வெண்புள்ளிக்காரங்களுக்கு வச்சுப் பாத்ததுல இதுதான் மேல, நிறமும் பக்கத்துத் தோலோட நல்லா ஒத்துப் போச்சு. ஆனா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, மாசக்கணக்குல, பாலக்காட்டுக்கோ கோயமுத்தூருக்கோ பஸ் ஏறிப் போய் ரெண்டு நிமிஷம் விளக்குல நின்னுட்டு வரோணும், அன்னைக்குக் கூலி போச்சு. அதனாலதான் நம்ம பக்கம் வெயில் வைத்தியம் இன்னும் நிக்குது.

"கேன்சர் வருமா?"

நிறைய வருஷம் நிறைய தடவை எடுத்தா வாய்ப்பு கூடும், மறைக்க மாட்டேன். அமெரிக்காவுல 1970கள்ல பூவா தொடங்கின 1,380 சோரியாசிஸ்காரங்களை பல வருஷம் பின்தொடர்ந்து பாத்ததுல ஒரு வகை தோல் கேன்சர் கூடினது தெரிஞ்சுது. அவங்க பெரும்பாலும் வெள்ளைத்தோல்காரங்க, நம்ம மாதிரி பழுப்புத்தோல்ல ஆபத்து ரொம்பக் கம்மின்னு டாக்டருங்க சொல்றாங்க, ஆனா அதை நம்பி கணக்கில்லாம எடுக்கக் கூடாது. ஒரு நோட்டுப் போட்டு தேதி, மாத்திரை, நிமிஷம் மூணும் எழுதுங்க. டாக்டர் மாறினாலும் நோட்டு கூட வரோணும், 200 தடவை பக்கம் போச்சுன்னா நிறுத்திட்டு யோசிப்பாங்க.

"பொட்டு வைக்கற இடத்துல மட்டும் வெள்ளையாயிடுச்சு, அதுக்கும் இதே மாத்திரையா?"

முதல்ல ஸ்டிக்கர் பொட்டை நிறுத்துங்க. அந்தப் பசையில இருக்கற ஒரு ரசாயனம் நிறச் செல்லைக் கொல்லும், சில ரப்பர் செருப்புலயும் அதே மாதிரி உண்டு. குங்குமத்துக்கு மாறிட்டு டாக்டரைப் பாருங்க, பரவாம அங்கயே நிக்கற கேஸ் நிறைய இருக்குது. இறுக்கி உரசற இடத்துலயும் வெள்ளை வரும், அதனால பாவாடை நாடாவையும் இறுக்காதீங்க.

"மூணு மாசத்துல பொண்ணுக்குக் கல்யாணம், அதுக்குள்ள மறைஞ்சிடுமா?"

முழுசா மறையாதுங்க. இதைக் கேட்டு வந்த ஒரு அம்மா கையில கல்யாணப் பத்திரிகையோட மாதிரி இருந்துச்சு, பொண்ணு வாசல்லயே நின்னுட்டா, உள்ள வரலை. அவங்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். அவசரத்துக்கு நிமிஷத்தைக் கூட்டாதீங்க, மணவறையில கொப்புளத்தோட உக்காரற மாதிரி ஆயிடும், போதாததுக்கு ஆரம்பத்துல சுத்தித் தோல் கறுத்து வெள்ளை இன்னும் பளிச்சுன்னுதான் தெரியும். தேவைன்னா வைத்தியத்தை கல்யாணம் முடிஞ்சு தொடங்குங்க, உடனே குழந்தை வேணும்னு இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு. மாப்பிள்ளை வீட்டுல இப்பவே சொல்லிடுங்க. மறைக்கறதுக்குன்னே தோல் நிறத்துல கேமஃப்ளாஜ் க்ரீம் இருக்குது, பத்து நாள் முன்னாடியே ஒரு தடவை போட்டுப் பாத்து ஒத்துக்குதான்னு தெரிஞ்சுக்கோங்க. வைத்தியம் ஏற்கனவே ஓடிட்டிருந்தா முகூர்த்தத்தன்னைக்கும் அதுக்கு முந்தின நாளும் மாத்திரை போடாதீங்க, போட்டோக்காரங்க வெளிய நிக்க வச்சு ஒரு மணி நேரம் எடுப்பாங்க.